ட்ரெவாண்ட்ரமில் உட்கார்ந்த ஈ

ஒரு சின்ன சோதனை. நீங்கள் இருக்கும் ஊரில் பெரிய நூலகம் ஏதாவது இருக்குமே, அதன் இணையப் பட்டியலைத் திறந்துகொள்ளுங்கள். திருவனந்தபுரம் என்று இன்றைய ஆங்கில எழுத்துக்கூட்டலில் தட்டுங்கள். வருவதில் பெரும்பாலானவை 1991க்குப் பிறகு அச்சானவையாக இருக்கும். அந்த வருஷம்தான் ஊர்ப் பெயரை அரசாங்கம் அதிகாரபூர்வமாக மாற்றியது. அடுத்து, நாமெல்லாம் பள்ளிக்கூடத்தில் எழுதிப் பழகிய ட்ரிவாண்ட்ரம் என்று தட்டுங்கள். இன்னும் நூறு வருஷத்துக்குக் கதவு திறக்கும். அதற்கும் முன்னால் போக ஆசையா? ஒரே ஒரு எழுத்தை மாற்ற வேண்டும். டி, ஆர், ஐ என்று தொடங்குவதில் அந்த ஆங்கில 'ஐ'யைத் தூக்கிவிட்டு 'ஈ' போடுங்கள். ட்ரெவாண்ட்ரம்! நம் ஊரைப் பற்றி அதுவரை கண்ணில் படாத புத்தகங்கள் வரும்.

நான் ஆரியசாலையில் பிறந்து வளர்ந்தவன். தெரியாதவர்களுக்கு: திருவனந்தபுரம் கிழக்கே கோட்டையில் இருந்து சாலைக் கடைத்தெருவுக்குள் நுழைந்து, மளிகை, பாத்திரம், பூ, மல்லி வத்தல் வாசனை எல்லாம் தாண்டி, கிள்ளிப்பாலம் பக்கமாக நடந்தால் நடுவில் வருவது ஆரியசாலை. கடைக்குள் கேட்பது பாதி தமிழ், பாதி மலையாளம். இப்போது குப்பை கொட்டுவது ஸ்காட்லாந்தில், எடின்பரோவில். அந்த ஈயை நான் பார்த்தது இங்கேதான்.

பார்த்த புத்தகம் கதைப் புத்தகம் இல்லை. 1874ல் லண்டனில் அச்சான, எண்கள் நிறைந்த தடிப் புத்தகம். ட்ரெவாண்ட்ரத்திலும் 'அகஸ்டியா மல்லி'யிலும் 1852 முதல் 1869 வரை எடுத்த காந்தத் திசை அளவுகள் என்பது தலைப்பின் சாரம். எழுதியவர் ஜான் ஆலன் ப்ரௌன். 1817ல் டம்ஃப்ரீஸில் பிறந்த ஸ்காட்லாந்துக்காரர். நம்மூருக்கு வருவதற்கு முன்னால் மேக்கர்ஸ்டன் என்ற இடத்தில், ப்ரிஸ்பேனின் காந்த ஆய்வகத்தில் வேலை பார்த்தவர். அந்த இடம் இங்கிருந்து ஒரு சனிக்கிழமை காரில் போய் வந்துவிடக்கூடிய தூரம்தான்.

திருவனந்தபுரத்தில் வானியல் ஆய்வகம் கட்டியது, பாட்டுக்குப் பேர்போன அதே சுவாதித் திருநாள். ஆலப்புழையில் திருவிதாங்கூர் அரசின் வணிக ஏஜென்டாக இருந்த ஜான் கால்டெகாட் சொந்தமாகக் கருவிகள் வைத்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். மகாராஜாவுக்கும் ஆசை வந்துவிட்டது. 1837ல் ஆய்வகம் தயார், கால்டெகாட்டே இயக்குநர். வானத்தைப் பார்த்ததோடு அவர் நிற்கவில்லை. 1842ல் இருந்து 1845 வரை பூமிக்கடியில் வெவ்வேறு ஆழத்தில் எவ்வளவு சூடு என்று அளந்து எழுதினார். அது அச்சானது இங்கே எடின்பரோ ராயல் சொசைட்டியின் ஏட்டில். அதிலும் நம் ஊர் ஈ போட்டுத்தான்.

கால்டெகாட் 1849ல் இறந்து, 1852 ஜனவரியில் ப்ரௌன் வந்தார். காந்த நடுக்கோடு நம் ஊருக்குப் பக்கத்தில் போகிறது என்பதால் உலகத்து அறிஞர்களுக்கு அந்த ஆய்வகத்தின் மேல் ஒரு கண். (1963ல் தும்பாவில் ராக்கெட் தளம் வந்ததற்கும் அதே கோடுதான் காரணம்.) ஊரில் இருந்து அளந்தது போதாது, உயரத்தில் என்ன ஆகிறது என்று பார்க்க வேண்டும் என்று 1855ல் அகத்தியர் மலை உச்சியிலேயே ஓர் ஆய்வகம் போட்டார் மனிதர். ஆறாயிரம் அடிக்கு மேல். யானையும் அட்டையும் உள்ள காட்டு வழியில் கருவிகளைத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். தூக்கியவர்கள் பெயர் தலைப்பில் இல்லை, வழக்கம்போல.

சரி, நம் விஷயம் எழுத்துக்கூட்டல். அந்தத் தலைப்பில் இருக்கும் இரண்டு பெயர்களையும் கொஞ்சம் உற்றுப் பார்ப்போம்.

'அகஸ்டியா'வில் நடுவில் யூ போட்டிருக்கிறார்கள். ஏ, ஜி, யூ, எஸ். ஏன் யூ? ஆங்கிலத்தில் சூரியனைக் குறிக்கும் 'சன்' என்ற சொல்லில் யூ எப்படி ஒலிக்கிறது? குட்டை அகரமாக. அந்தக் காலத்து வெள்ளைக்காரர் காதில் விழுந்த அகரத்துக்கெல்லாம் யூ போட்டார்கள். 'கறி'யை எழுதும்போது யூ போட்டது அப்படித்தான். பஞ்சாபில் இன்றும் அந்த யூ உட்கார்ந்திருக்கிறது. உகரத்துக்கு டபுள் ஓ. ஈகாரத்துக்கு டபுள் ஈ. இது தப்பு இல்லை, அவர்கள் காலத்து முறை. 1878ல் திருவிதாங்கூர் வரலாறு எழுதிய சங்குண்ணி மேனனின் பெயரை அட்டையில் பார்த்தால் சிரிப்பு வரும்: 'ஷங்கூனி' என்றுதான் நம் கண் படிக்கும். முதல் அகரத்துக்கு யூ, உகரத்துக்கு டபுள் ஓ. திவான்கள் பெயரையும் பாருங்கள். மாதவ ராவின் ராவ், வரிசையைக் குறிக்கும் ஆங்கில 'ரோ'வின் எழுத்துகளோடு நிற்கும். ராமையங்கார் 'ராமியெங்கார்'. 1877ல் இருந்து 1880 வரை திவானாக இருந்த நாணு பிள்ளைக்கு டபுள் ஓ, கடைசியில் ஏ, ஒய்.

அந்த ஏ, ஒய்யை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்பி வருவேன்.

ஊர்ப் பெயருக்கு வருவோம். 'வெள்ளைக்காரனுக்கு வாயில் நுழையாமல் ட்ரிவாண்ட்ரம் ஆக்கிவிட்டான்' என்று சின்ன வயசில் இருந்து கேட்டு வருகிறோம். பாதிதான் உண்மை. என் பாட்டி வாழ்நாளில் ஒருநாள்கூட திருவனந்தபுரம் என்று முழுசாகச் சொன்னதில்லை. அவளுக்கு அது 'திருவந்தரம்'. மலையாளம் பேசும் பழைய ஆட்கள் 'திருவந்தோரம்' என்பார்கள், இன்றும் கேலியாகவும் செல்லமாகவும் அந்தப் பெயர் ஓடுகிறது. அதில் திருவை த்ரு என்று வேகமாகச் சொல்லிப் பாருங்கள். ட்ரிவாண்ட்ரம் அங்கேயே இருக்கிறது! கடைத்தெருவில் காதில் விழுந்ததை அவன் எழுதினான். கோயில் கல்வெட்டில் இருந்ததை எழுதவில்லை, அவ்வளவுதான்.

புரம் என்பது வாய்க்குள் வரமாகி, ஓரமாகித் தேய்வது நம்முடைய பழக்கம். காஞ்சிபுரத்தைக் 'காஞ்சிவரம்' என்று சொன்னது யார்? நம் ஆட்கள்தான். கான்ஜீவரம் என்று ஆங்கிலத்தில் போய், புடவைக் கடைப் பலகையில் இன்றுவரை நிற்கிறது. 'டின்னவெல்லி' என்று எழுதியதற்காகவும் வெள்ளைக்காரனைத் திட்டுவோம். திருநெல்வேலிக்காரர்கள் தங்கள் ஊரை எப்படிச் சொல்கிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள்: தின்னவேலி, தின்னேலி. அச்சு அசலாக அதேதான் எழுத்தில் இருக்கிறது. நூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் சாதாரண ஜனம் எப்படிப் பேசியது என்பதற்கு நம்மிடம் ஒலிப்பதிவு கிடையாது. புலவர்களும் அப்படி எழுத மாட்டார்கள். நம்மாழ்வார் இந்த ஊரை அனந்தபுரம் என்று பாடினார். சுவாதித் திருநாளோ ஸ்யானந்தூரபுரம் என்றுதான் பிரபந்தத்துக்குத் தலைப்பு வைத்தார். கடைத்தெருவின் வாயைக் கேட்க வேண்டுமானால் இந்தக் கோணல் ஆங்கிலம்தான் கதி.

அப்படியானால் அந்த ஈ எங்கிருந்து வந்தது? அழுத்தம் இல்லாத இடத்தில் ஆங்கிலக் காதுக்கு இகரமும் எகரமும் ஒன்றுதான். என் ஊகம் ஒன்று உண்டு: இங்கிலாந்தின் கார்ன்வால் பக்கம் ஊர்ப் பெயர்களும் வீட்டுப் பெயர்களும் 'ட்ரெ' என்றுதான் தொடங்கும். 1859ல் சென்னைக்கு கவர்னராக வந்த ட்ரெவெல்யன் பெயரிலும் அதுவே. 'ட்ரெவ' என்று பார்த்துப் பழகிய கை, நம் ஊரையும் சொந்த ஊர் மாதிரி எழுதியிருக்கலாம் :)

திருவை விழுங்கியதற்கு உதாரணம் நிறைய. திருவல்லிக்கேணி ட்ரிப்ளிகேன், திருகோணமலை ட்ரிங்கோமலி. திருவிதாங்கூரே ட்ராவன்கோர். இந்தக் கடைசிப் பெயர் நம் குமரி மாவட்டத்துக்காரர்களுக்குச் சொந்தமானது. தக்கலைக்குப் பக்கத்தில் திருவிதாங்கோடு என்று ஒரு சின்ன ஊர் இருக்கிறது, அந்த ஊர்ப் பெயர்தான் ராஜ்ஜியத்துக்கே பெயரானது. கோடு எப்படிக் 'கோர்' ஆனது? நாக்கை மடித்துச் சொல்லும் நம் டகரம் போர்ச்சுகீசியர் காதில் ரகரமாக விழுந்தது. தூத்துக்குடியின் 'குடி', 'கொரின்' ஆனதும் இதே வழியில்தான். 1553ல் பாரோஸ் என்ற போர்ச்சுகீசிய வரலாற்றாசிரியர் ட்ராவன்கோர் என்று எழுதிவிட்டார், ஆங்கிலேயர் அதை அப்படியே எடுத்துக்கொண்டார்கள். இதையெல்லாம் ஒரே இடத்தில் படிக்க 'ஹாப்சன் ஜாப்சன்' என்ற அகராதி இருக்கிறது. 1886ல் வந்தது. யூல், பர்னெல் என்று இரண்டு பேர் செய்தது. இதில் பர்னெல் தஞ்சாவூரில் ஜட்ஜாக இருந்தவர், அரண்மனைச் சுவடிகளுக்குப் பட்டியல் போட்டவர். புத்தகம் வெளிவருவதற்கு நாலு வருஷம் முன்பே இறந்துபோனார். லீவு நாளில் எடுத்தால் கீழே வைக்க மாட்டீர்கள், எச்சரிக்கிறேன்.

இலக்கியம் என்று பார்த்தால், நம் பக்கத்துப் பெயர்களில் ஐரோப்பாவில் அதிகம் அழுதது 'அஞ்செங்கோ'வுக்காகத்தான். அஞ்சுதெங்கு, ஐந்து தென்னை மரம். ஊருக்கு வடக்கே கடலோரத்தில் கிழக்கிந்தியக் கம்பெனியின் பழைய கோட்டை. அங்கே 1744ல் பிறந்த எலைசா, பிறகு எலைசா ட்ரேப்பர், மேல் நாவலாசிரியர் லாரன்ஸ் ஸ்டெர்ன் பித்தாகிப் போனார். அவர் அவளுக்கு எழுதிய கடிதங்கள் 1773ல் புத்தகமாக வந்தன. பிரெஞ்சுக்காரர் ரெய்னால் ஒருபடி மேலே போய், கிழக்கு மேற்கு இந்தியாக்களின் வரலாற்றை எழுதும்போது நடுவில் நிறுத்தி, 'அன்ஜிங்கா' மண்ணையே கூப்பிட்டு, எலைசா உன்னில் பிறந்தாளே என்று புலம்பியிருக்கிறார். அதே அஞ்சுதெங்கில் 1728ல் பிறந்த இன்னொருவர் ராபர்ட் ஓர்ம். கர்நாடகப் போர்களின் வரலாற்றை எழுதியவர். திருச்சிராப்பள்ளிக்கு ஒரு டி கூடுதலாகப் போட்டு 'ட்ரிட்சினோபொலி' என்று எழுதினாரே, அவரேதான். இந்துஸ்தானம் அவருக்கு 'இண்டோஸ்டான்'.

இப்போது அந்த ஏ, ஒய்.

ப்ரௌன் மலையை 'மல்லி' என்று எழுதினார். எம், ஏ, டபுள் எல், ஈ, ஒய். கடைசி ஈ, ஒய் எந்த ஒலிக்கு? நம் ஐகாரத்துக்கு. மலை. ஆனால் அவர் சம்பளம் வாங்கிய ராஜ்ஜியத்தின் மலையாளத்தில் அது மலை இல்லை, 'மல'. தமிழில் ஐயில் முடியும் சொற்கள் மலையாளத்தில் அகரத்தில் முடியும். தலை தல, வலை வல, மலை மல. அவர் காதுக்குத் தமிழ்தான் போயிருக்கிறது. அகத்தியர் மலையின் கிழக்குச் சரிவு திருநெல்வேலிச் சீமை, தெற்குத் திருவிதாங்கூர் முழுக்கத் தமிழ், கம்பெனிக் கடிதமெல்லாம் சென்னை வழியாக வந்து போனது, குமாஸ்தாக்களில் தமிழர்கள் நிறைய. இதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை.

நாணு பிள்ளையும் அப்படித்தான். மலையாளத்தில் 'பிள்ள' என்றே எழுதுவார்கள், சொல்வார்கள். ஆனால் ஆங்கிலத்தில் எழுதும்போது கேரளத்துப் பிள்ளைகள் அத்தனை பேரும் கடைசியில் ஏ, ஐ போடுகிறார்கள். தகழி சிவசங்கரப் பிள்ளை வரைக்கும்! தாய்மொழியில் இல்லாத ஐகாரம் ஆங்கிலத்தில் இருக்கிறது. எங்கள் சாலைக் கடைத்தெருவும் அதே ஜாதி. மலையாளப் பலகையில் 'சால', பக்கத்திலேயே ஆங்கிலத்தில் 'சாலை', ஏ, ஐ போட்டு. ஆனால் அங்கிருந்து சில நிமிஷம் நடந்து ஆரியசாலைக்கு வந்தால், ஆங்கிலத்திலும் ஐகாரம் காணாமல் போய் 'ஆர்யசாலா' ஆகிவிடுகிறது. வலியசாலையும் அப்படியே. பழைய எழுத்துக்கூட்டல் கோணலாக இருந்தாலும் தமிழை வைத்திருந்தது. புதுசு திருத்தமாக இருக்கிறது, தமிழ் இல்லை. நான் வருத்தப்படுவது இதற்குத்தான்.

(இடையில் ஒன்று. இந்தச் 'சாலை' ரோடு இல்லை. ஆட்களுக்குச் சோறும் படிப்பும் கொடுத்த இடம். ராஜராஜன் கல்வெட்டுகளில் வருகிற காந்தளூர்ச் சாலை எங்கள் வலியசாலைதான் என்று பல ஆய்வாளர்கள் சொல்கிறார்கள், அங்குள்ள சிவன் கோயிலுக்கு இன்றும் காந்தளூர் மகாதேவர் கோயில் என்றே பெயர். 866ல் ஆய் அரசன் கருநந்தடக்கன் பார்த்திவசேகரபுரத்தில் 95 மாணவர்களுக்குச் சாலை வைத்தபோது, காந்தளூரைப் போல என்று செப்பேட்டில் எழுதி வைத்தான். இப்போது வரைபடங்களில் 'சாலை ரோடு' என்று போட்டு ரோட்டுக்கு ரோடு ஆக்கிவிடுகிறார்கள்.)

ஐகாரம் தொலையும் இடத்தைக் கண்ணால் பார்க்க வேண்டுமா? நாகர்கோவிலில் இருந்து பஸ் ஏறுங்கள். எல்லையில் வரும் ஊருக்குத் தமிழ்நாட்டில் களியக்காவிளை, கேரளத்தில் களியிக்காவிள. ஊர் ஒன்று, பலகை இரண்டு. 1956 நவம்பர் 1ஆம் தேதி வரை இந்த இரண்டு பக்கமும் ஒரே ஆட்சியின் கீழ் இருந்தன. நவராத்திரிக்கு வருஷா வருஷம் வேளிமலைக் குமாரசாமி இந்த வழியாகத்தான் திருவனந்தபுரத்துக்கு வருகிறார். பத்மநாபபுரத்துச் சரஸ்வதியும் சுசீந்திரத்து முன்னுதித்த நங்கையும் கூட வருவார்கள். குமாரசாமி தங்குவது எங்கள் ஆரியசாலைக் கோயிலில். எல்லை வரைக்கும் வேளிமலை, தாண்டினால் வேளிமல. முருகனுக்கே அப்படி என்றால் நாம் எம்மாத்திரம்.

தலைப்பில் இருந்த அந்த ஈ பின்னால் என்ன ஆனது? 1871ல் ஹன்டர் என்ற அதிகாரி இந்தியப் பெயர்களை ஆங்கிலத்தில் எழுத முறையான வழி ஒன்றைப் போட்டுக் கொடுத்தார். அகரத்துக்கு யூ வேண்டாம், ஏ போடு. டபுள் ஓ வேண்டாம், யூ போடு. ஆனால் ஏற்கெனவே பிரபலமான ஊர்களைத் தொடாதே என்று விதிவிலக்கும் வைத்தார். அதனால் நம் ஊர் முழுசாகத் திருத்தப்படாமல், ஈ மட்டும் பறந்துபோய், ட்ரிவாண்ட்ரமாக நிலைத்தது. 1906ல் நாகமையா எழுதிய ஸ்டேட் மானுவலில் ஐ போட்ட பெயர்தான். ஸ்காட்லாந்தில் இந்தத் திருத்தல் வேலையே கிடையாது. ப்ரௌன் இருந்த மேக்கர்ஸ்டனின் கடைசியில் இன்றும் பழைய ஸ்காட்ஸ் முறையில் டி, ஓ, யூ, என் என்றுதான் எழுதுகிறார்கள். எடின்பரோவை 'பர்க்' மாதிரி எழுதிவிட்டு 'பரா' என்று படிக்கிறார்கள். யாரும் கவலைப்படவில்லை.

கவலைப்பட வேண்டியது நாம்தான். என் சித்தப்பாவின் பிறப்புச் சான்றிதழில் ட்ரிவாண்ட்ரம், பாஸ்போர்ட்டில் திருவனந்தபுரம். இங்கே ஓர் அலுவலகத்தில், இரண்டும் ஒரே ஊர் என்று நிரூபிக்கச் சொல்லித் தாளைத் திருப்பிவிட்டார்கள். ஊரில் வில்லேஜ் ஆபீசில் 'ஒன் அண்ட் தி சேம்' சர்டிபிகேட் என்று ஒன்று கொடுப்பார்கள், கேரளத்துக்காரர்களுக்குத் தெரியும். ஆளுக்கு வாங்கலாம். ஊருக்கு எங்கே போய் வாங்குவது?

நம்மைவிட முன்னால் கப்பல் ஏறியவர்களை நினைத்துப் பாருங்கள். 1860 நவம்பர் 16ஆம் தேதி சென்னையில் இருந்து ட்ரூரோ என்ற கப்பல் டர்பன் போய்ச் சேர்ந்தது. 1911 வரை இப்படி ஒன்றரை லட்சம் பேர் நேட்டாலுக்குக் கரும்பு வெட்டப் போனார்கள், அதில் தமிழர்கள் ஏராளம். ஏறும்போது குமாஸ்தா எழுதியதே பெயர். ஹன்டர் முறை அவர்களைத் தொடவே இல்லை. அதனால்தான் தென்னாப்பிரிக்காவில் நாயுடுவுக்கு இன்றும் டபுள் ஓ, முதலி 'மூட்லி', பிள்ளைக்கு ஏ, ஒய். 2008ல் இருந்து 2014 வரை ஐ.நா. மனித உரிமை ஆணையராக இருந்த நவி பிள்ளை 1941ல் டர்பனில் பிறந்தவர். அவர் பெயரின் பின்பாதியும் 1877ன் திவான் நாணு பிள்ளையின் பின்பாதியும் எழுத்துக்கு எழுத்து ஒன்று. ஒருவர் பெயர் திவான் கச்சேரித் தாளில் இருந்தது, இன்னொருவர் முன்னோர் பெயர் கப்பல் பட்டியலில் ஏறியது. எழுதிய காலம் ஒன்று, முறையும் ஒன்று. அந்தக் குடும்பங்களில் பலருக்கும் தமிழ் பேச வராது. பெயரின் வாலில் அந்த ஐகாரம் மட்டும் இருக்கிறது.

ஆகவே, தாத்தா பாட்டியைத் தேடுகிறவர்கள் இன்றைய எழுத்தில் தட்டிவிட்டு ஒன்றும் இல்லை என்று விட்டுவிடாதீர்கள். அகரத்துக்கு யூ போட்டுப் பாருங்கள். உகரத்துக்கு டபுள் ஓ. ஐகாரத்துக்கு ஏ, ஒய், அல்லது ஈ, ஒய், அல்லது டபுள் ஈ. அய்யங்காருக்கு 'இயெங்கார்', ராவுக்கு 'ரோ'. திருவில் தொடங்கும் ஊர் என்றால் டி, ஆர் சேர்த்து, நடுவில் இருக்கும் உயிரெழுத்தை மாற்றி மாற்றித் தட்டுங்கள். திருவிதாங்கூர்ச் சர்க்கார் வேலையில் இருந்தவர்கள் என்றால் பழைய டிராவன்கோர் அல்மனாக்குகளில் பெயர் இருக்க வாய்ப்பு உண்டு. என் கொள்ளுத்தாத்தா முத்தையா பிள்ளையை யூவும் டபுள் ஓவும் மாற்றி மாற்றிப் போட்டுப் பதினொரு விதமாகத் தேடியாகிவிட்டது. அடுத்து கடைசி எழுத்தை ஒய்யாக்கிப் பார்க்க வேண்டும்.